அன்வரின் எடிட்டர்

அன்வர் தவறிய செய்தி வந்தபோது என் திரையில் எடிட்டர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே போடவா, பிறகு போடவா? அந்த நேரத்தில்தான் அவருடைய மனைவி ரஹிமா அழைத்தார். "தேவி, அவங்க போயிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." சரி என்றேன். 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து, கிள்ளான் போகும் கொமூட்டர் ரயிலில் ஏறினேன். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ரஹிமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ தேநீர் கொடுத்தார்கள். குடித்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அன்வரோடு வேலை செய்தவர்களுக்கு எடிட்டர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். எங்களைப் போல நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதும் மென்பொருள் அது. நாங்கள் பயன்படுத்துவது இலவசம். அதன் உள்வேலை எல்லாருக்கும் திறந்தே இருக்கும். நிறம், எழுத்தின் அளவு, எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதுவரை எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். உலகத்தின் ஏதோ மூலையில் யாரோ எழுதிய துணை நிரல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் எதையும் மாற்றியதில்லை. வந்தபடியே வைத்திருப்பேன். அன்வர் மாற்றாமல் விட்டது எதுவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தார். கிள்ளானிலிருந்து சிறுநீரகச் சிகிச்சை நிலையம் ஒன்று அழைத்தது. நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்க நாங்கள் செய்துகொடுத்த மென்பொருள் நின்றுவிட்டதாம். நிரல் அவருடைய கணினியில் இருந்தது. உட்கார்ந்தேன், பிழையைத் திருத்தினேன், சேமிப்பதற்காக ஊரே அழுத்தும் விசைகளை அழுத்தினேன். திருத்தியது மொத்தமும் மறைந்துபோனது. தொழுகை முடிந்து வந்தவரிடம் கத்தினேன். "சேவ் பண்ற பட்டன்ல எதுக்கு லா அழிக்கிறத வச்சீங்க?"

"சேவ் தானா ஆவுது, ஃபேக்டரி செட்டிங் மேடம். அந்த எடம் சும்மா கெடந்துச்சு" என்றார். எதையும் வந்தபடியே வைத்திருக்கும் எனக்கு அன்றிலிருந்து 'ஃபேக்டரி செட்டிங் மேடம்' என்றுதான் பெயர்.

அவருடைய குடும்பத்துக்குக் கிள்ளானில் துணிக்கடை. அதனால் வாதமும் அங்கிருந்துதான் வரும். "கடையில வாங்குன சட்டைய அப்படியேவா போடுவீங்க? கை நீளம் பாத்து வெட்டித் தைக்க மாட்டீங்க?" என்பார். "உங்க சட்டைய இன்னொருத்தர் போட முடியாது. அது கிழிஞ்சா தைக்கவும் ஆள் இல்ல" என்பேன். பங்சாரில் மதியச் சாப்பாட்டின்போது தொடங்கும் இந்தச் சண்டை, வாழையிலையை மடித்த பிறகும் ஓடும். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிறகு அவருடைய வலது கையில் விரல்கள் ஒழுங்காக மடங்கவில்லை. "ரைட் ஹேண்ட் லீவு கேக்குது" என்று சிரித்தார். தசைகளை ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டே போகும் நோய் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மருந்து இல்லை. அன்வர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மறுநாள் வந்து உட்கார்ந்தவர், வலது கையால் செய்த எல்லாவற்றையும் இடது கைப் பக்கத்து விசைகளுக்கு நகர்த்தினார். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டியதெல்லாம் ஒரே விசைக்கு வந்தது. சில மாதங்களில் இடது கையும் தளர்ந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க மாத்துங்க." எதையுமே மாற்றாத நான் அவருடைய எடிட்டரை மாற்றிக்கொண்டே இருந்தேன். எழுத்துகள் பெரிதாகின. விசைகள் குறைந்தன. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பெரிய பொத்தான். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய சொல் வரும்போது அவர் அழுத்துவார். அதைச் செய்துகொடுத்தது யாரோ முன்பின் தெரியாதவர் எழுதிய ஒரு துணை நிரல்.

அந்தத் துணை நிரல்தான் ஒருநாள் எங்களைக் கைவிட்டது. எடிட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது, துணை நிரல் அதோடு ஒத்துப்போகவில்லை. அன்வர் பொத்தானை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. முந்தின நாள்வரை வேலை செய்துகொண்டிருந்த மனிதர் காலை முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை எழுதியவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். தனக்கு இப்போது நேரம் இல்லை, நிரல் திறந்துதான் இருக்கிறது, நீங்களே சரிசெய்துகொள்ளலாம் என்று பணிவாகப் பதில் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் சொல்லல? கெட்டுப்போனா கேக்க நாதி இல்லன்னு சொல்லல?" என்று அன்வரிடமே எரிந்து விழுந்தேன். அப்போது அவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. மெதுவாகச் சொன்னார். "காசு குடுத்து வாங்கியிருந்தா, இந்நேரம் கம்பெனிக்கு ஃபோன் போட்டுப் பாட்டு கேட்டுக்கிட்டு நின்னிருப்போம். இது தெறந்து கெடக்கு. உள்ள போங்க."

உள்ளே போனேன். முன்பின் தெரியாத ஒருவருடைய நிரலை வரிவரியாகப் படித்தேன். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றினேன். மாலையில் பொத்தான் மறுபடியும் வேலை செய்தது. அதோடு அவருடைய எடிட்டர் இனி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே கூடாதென்று நிறுத்தியும் வைத்தேன். அந்தச் சண்டையில் யார் வென்றார்கள் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சொன்னதுதான் நடந்தது. அவர் சொன்னபடிதான் சரியானது.

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. மற்றவர்கள் அன்பின் பேரில் அவர் வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். அவர் ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் பொறுமை இழந்து கையை நீட்டித் தட்டச்சு செய்துவிடுவார். எங்கள் முதலாளி அதைச் செய்தார். நானும் செய்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். அவர் முகம் செத்துப்போகும். ஒருநாள் என்னை அழைத்து, சொற்களுக்கு முன்னால் இன்னொரு கட்டம் வைக்கச் சொன்னார். அதைத் தேர்ந்தெடுத்தால் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் வரவேண்டும். 'இருங்க, யோசிக்கிறேன்.'

அடுத்த கூட்டத்திலேயே அது வேலை செய்தது. முதலாளி கையை நீட்டினார், திரை சொல்லியது, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சோரி லா, அன்வர்" என்றார். எல்லாரும் காத்திருந்தோம். அன்வர் எழுதி முடித்தார். அது சரியாகவும் இருந்தது.

கடைசி மாதங்களில் வீட்டிலிருந்தே வேலை செய்தார். ஒரு சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். ரஹிமா இடியப்பம் வைத்தார். அன்வர் ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தார். அடுத்து வரப்போகும் சொல் எனக்குத் தெரியும். அது ஒளிரும், நழுவிப் போகும், மறுபடி சுற்றி வரும். என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடியப்பம் ஆறிப்போனது. அந்த ஒரு வரி முடிந்ததும் அவர் என்னைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. பொத்தானைக் கொண்டு இரண்டு சொல் எழுதிக் காட்டினார். 'பாத்தீங்களா. நானே.' அந்த வரி இன்றும் அந்தச் சிறுநீரகச் சிகிச்சை நிலையத்தின் மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து ரஹிமா கணினியை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் செல்விக்கு அதைக் கொடுக்கச் சொன்னார்கள். செல்வி எடிட்டரைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அக்கா, எழுத்தெல்லாம் ஏன் இம்புட்டுப் பெருசா இருக்கு? எதத் தொட்டாலும் இருங்கன்னு சொல்லுது." அவர் கேட்டதில் தவறில்லை. அவர் சட்டையை இன்னொருவர் போட முடியாது என்று நான்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோக ஒரே ஒரு கட்டளை போதும். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். இத்தனை மாதங்கள் அவரும் நானும் உட்கார்ந்து செய்ததெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. திரை பளிச்சென்று ஆனது, கடையில் வாங்கியது போல. செல்வி நன்றி சொன்னார். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

அழிப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் என் எடிட்டருக்கு நகலெடுத்துக்கொண்டேன். இத்தனை வருடங்களில் நான் அதில் செய்த ஒரே மாற்றம் அதுதான். யாரும் கை நீட்டாத என் மேசையில் அதற்கு எந்த உபயோகமும் இல்லை. ஆனாலும் "அன்வர் போனது பழகிடுச்சா?" என்று யாராவது கேட்டுவிட்டுப் போகும்போது, அதற்கென்று வைத்திருக்கும் விசையை அழுத்துகிறேன். திரை முழுக்க அவருடைய எழுத்து வருகிறது.

இருங்க, யோசிக்கிறேன்.