பின்சீற்றுக்கு அடியில் கட்டி வைத்த மூன்று பக்கிள்கள்

1. திரும்பி வந்த கார்

அந்தக் கார் என் குஷன் கடைக்கு இரண்டாம் தடவை வந்தபோது அதன் முகப்பை முழுதாக மாற்றிப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அடிபட்ட வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓட்டிவந்த லியோன் இறங்கி, பின்சீற்றில் மகள் சரியாமல் சாய்ந்திருக்கத் தோதாக முதுகுக்கும் பக்கத்துக்கும் முட்டாக அண்டை வைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். மாதம் ஒருதடவை அவளை வவுனியாவுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பெயர் ஸ்ரெபானி. பதினொரு வயது. இடுப்புக்குக் கீழே பிள்ளைக்கு உணர்வில்லை.

செய்து தருகிறேன் என்றேன். ஆனால் அண்டை வைப்பதென்றால் சீற்றைக் கழற்ற வேண்டும். அதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மன்னார்த் தீவில் முப்பத்திரண்டு வருடம் வாகனங்களுக்குச் சீற் தைத்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து சீற்றுக்குள் வைக்கும் போம் எங்கே வாங்குவது, மேலுறைக்கு றெக்சின் எது நல்லது என்றெல்லாம் கேட்கிறார்கள். அதையெல்லாம் ஆறு மாதத்தில் நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் எழுதுவது அதைப் பற்றி இல்லை.

2. வீட்டுச் செற்றி

லியோன் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு முதலாளிக்குச் சாரதியாக இருந்தவர். ஊரோடு வந்து சேர்ந்ததும் பாவித்த ஜப்பான் கார் ஒன்றை வாங்கினார். நாலு கதவு, பின்னால் டிக்கி. மனைவி மெற்றில்டா, ஒரே மகள், அவ்வப்போது ஏறும் சொந்தக்காரர் என்று குடும்பத்துக்கு அளவான வண்டி.

நான் வெளிப்பூச்சைப் பார்த்துக் காரை மதிப்பவன் அல்ல. உள்ளே ஏறி இருந்து கதவைச் சாத்திப் பார்ப்பேன். அந்தக் கார்க் கதவு ஒரே சத்தத்தில் பொருந்திச் சாத்திக்கொண்டது. கீரிக் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் மற்றக் கார்களின் கதவு றப்பர் எல்லாம் வெடித்துப்போகும், இதில் விரலால் அமத்தினால் இன்னும் மெத்தென்று இருந்தது. டாஷ்போட்டைத் தட்டினேன், ஒரு கடகடப்பும் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் சீற்றுப் போம் கொஞ்சமும் குழி விழவில்லை. செய்தவன் மினக்கெட்டுச் செய்திருக்கிறான் என்று லியோனிடம் சொன்னேன். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் சீற்றுத் துணி வெளிர்நிறம். எங்கள் ஊர் மணலுக்கும் வியர்வைக்கும் அது ஒரு வருடம் தாங்காது. அதோடு ஐந்து பேர் போகிற காரில் எட்டுப் பேர் ஏறுவதுதான் எங்கள் வழமை. கோயில் திருநாள் என்றால் சொல்லவே வேண்டாம், பின்சீற்றில் மடிக்கு மேல் மடியாகப் பிள்ளைகள் இருக்கும். நெருக்கி இருக்கும்போது பெல்ற்றைக் கொழுவிப் பூட்டும் பக்கிள் இடுப்பில் குத்தும். அதனால் பின்சீற்றுக்கு உறை தைக்கும்போது பக்கிள்களை அடியில் தள்ளி மூடிவிடுவோம். நான் மட்டுமல்ல, இங்கே எல்லாக் குஷன்காரரும் அப்படித்தான். யாரும் கேட்பதும் இல்லை, நாங்கள் சொல்வதும் இல்லை.

லியோன் கேட்டது ஒன்றே ஒன்று.

“சவிரியண்ணை, பின்னுக்கு இருந்தால் எழும்ப மனம் வரக்கூடாது. வீட்டுச் செற்றிக் கதிரை மாதிரிச் செய்து தாங்கோ.”

நாலு நாள் வேலை செய்தேன். காரைச் செய்தவன் பின்சீற்றில் மூன்று பக்கிளுக்கும் மூன்று பள்ளம் விட்டிருந்தான். பக்கிள் அதற்குள் அடங்கி நிற்கும், குத்தாது. அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தும், தையல் வரி நேராக வரவேண்டும் என்பதற்காகப் பள்ளங்களைப் போம் வெட்டி நிரப்பினேன். பக்கிள்கள் மூன்றையும் அடியில் தள்ளி, ஓடும்போது தகரத்தில் அடித்துச் சத்தம் போடாதிருக்க ஒன்றாகச் சேர்த்துக் கட்டினேன். வலை முடிகிற நீல நைலோன் நூலால்தான் எப்போதும் கட்டுவேன். ஐயா கடல் தொழில், முடிச்சு அவரிடம் பழகியது. இந்த ஊர்க் குஷன்காரரில் வலை முடிச்சுப் போடுகிறவன் நான் ஒருவன்தான்.

கார் எடுக்க லியோன் மகளோடு வந்தார். அவர் வெளியே நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரெபானி பின்சீற்றின் நடுவில் ஏறி இருந்து இரண்டு பக்கமும் கையால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மாமா, பெல்ற் கொழுவுறது எங்க?”

“முன்னுக்குத்தான் பெல்ற் பிள்ளை. பின்னுக்குத் தேவையில்லை, குத்தும்.”

சரி மாமா என்றாள். நான் சொன்னதை அவள் நம்பினாள்.

3. மாடு

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், உயிலங்குளத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூவரும் திரும்பியிருக்கிறார்கள். வயல்கரையில் இருந்து ஒரு மாடு றோட்டுக்குப் பாய்ந்தது. லியோன் பிரேக்கை அமத்தி ஸ்ரியரிங்கை ஒடித்தார். கார் மதகுக் கட்டில் மோதியது. முன்னால் பெல்ற்றோடு இருந்த இருவருக்கும் நெஞ்சில் கண்டல், அவ்வளவுதான். நடுவில் இருந்த பிள்ளை இரண்டு முன்சீற்றுக்கும் இடையால் பறந்துபோய் முதுகு அடிபட விழுந்தாள்.

கடைக்கு வந்த ஒருவர்தான் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் மாட்டைத் திட்டினார்கள், மீதிப் பேர் லியோன் வேகமாக ஓடினார் என்றார்கள். மெற்றில்டாவும் அப்படித்தான் நினைத்தாள், அன்றிலிருந்து புருசனோடு பேசுவதை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அதுதான். என் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லையே என்று இருந்தேன்.

4. நீல நூல்

அண்டை வைக்கக் காரை விட்டுவிட்டு லியோன் போய் நாளைக்கு வருவார் என்று பார்த்தேன். அவர் போகவில்லை. பக்கத்தில் நின்றே பார்க்கிறேன் என்றார். சீற்றின் முன்விளிம்பைத் தூக்கிக் கிளிப்பைக் கழற்றினேன். அடியில் மணலும் ஒரு பென்சில் துண்டும், நான் கட்டியபடியே மூன்று பக்கிளும் கிடந்தன. நூல் நிறம்கூட மாறவில்லை.

லியோன் குனிந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

“பின் பெல்ற் பக்கிள் தம்பி. நான்தான் கட்டி மூடினனான்.”

அவர் கதிரையில் போய் இருந்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பிள்ளைக்குப் பெல்ற் போட்டதோ எண்டு டொக்டர் கேட்டவர். பின்னுக்கு எங்கட காரில பெல்ற் கொழுவ இடமில்லையெண்டு சொன்னனான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. பிள்ளை அன்றைக்கு என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் அடிக்க வருவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வேலையைச் செய்யுங்கோ,” என்றார். “பிள்ளையிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. அவளுக்கு அந்த மாட்டிலதான் கோவம். அது அப்பிடியே இருக்கட்டும்.”

நூலை வெட்டினேன். பள்ளங்களில் நிரப்பிய போமைத் தோண்டி எடுத்து, மூன்று பக்கிளையும் அவற்றின் இடத்தில் நிறுத்தினேன். முதுகுக்கும் இடப்பக்கத்துக்கும் கெட்டிப் போமால் அண்டை வைத்து, மேலே மெதுப் போம் போட்டேன். உணர்வில்லாத உடம்பில் தையல் வரி உரசினால் புண் வரும் என்று, அவள் இருக்கிற இடத்தில் ஒரு வரிகூட வராமல் ஒரே துண்டாகத் தைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகத் திறமான சீற் அதுதான்.

5. கேட்டனான்தானே

காரை எடுக்க மூவரும் ஓட்டோவில் வந்தார்கள். லியோன் ஓட்டினால் மெற்றில்டா ஏறமாட்டாள் என்று, ஓட்டுவதற்கு மச்சான் ஒருவரும் கூட வந்து ஸ்ரியரிங்கில் இருந்தார். மெற்றில்டா அவருக்குப் பக்கத்தில் முன்னால் இருந்தாள். லியோன் மகளைத் தூக்கி அண்டையில் சாய்த்து இருத்தினார். பெல்ற்றை இழுத்து நான் கொழுவினேன். அவள் பக்கிளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“மாமா, இது புதுசாப் பூட்டினதோ?”

காரின் மறுபக்கத்தில் நின்ற லியோன் என்னைப் பார்த்தார். ஓம் என்று சொன்னால் முடிந்தது. அவரும் அதைத்தான் கேட்டிருந்தார். ஆனால் அதே சீற்றில் இருந்து அதே பிள்ளை கேட்கிறாள். இரண்டாம் தடவையும் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இல்லைப் பிள்ளை. கார் வரேக்கையே இருந்தது. நான்தான் மூடினனான்.”

அவள் பெல்ற்றைக் கழற்றினாள். தானே திரும்பக் கொழுவினாள்.

“நான் கேட்டனான்தானே, மாமா.”

“ஓம். நீ கேட்டனீ.”

மெற்றில்டா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வெளியே நின்ற புருசனைப் பார்த்து, வாங்கோ, வந்து நீங்களே ஓட்டுங்கோ என்றாள். மச்சான் இறங்கிப் பின்சீற்றுக்குப் போனார். லியோன் ஸ்ரியரிங்கில் வந்து இருந்தார். அவர்கள் போனார்கள்.

பிறகு அவர்கள் என்னிடம் வரவில்லை. அண்டை நைந்து மாற்றியபோது வவுனியாவில் கொடுத்துச் செய்தார்கள் என்று கேள்வி. நியாயம்தான்.

அன்றிலிருந்து நான் எந்தக் காரிலும் பக்கிளை மூடுவதில்லை. குத்துது, மூடு என்று கேட்பவர்களிடம் முடியாது என்பேன். சிலாவத்துறையில் இருந்து வந்த ஒரு குடும்பம் பாதி வேலையில் காரை எடுத்துக்கொண்டு வேறு இடம் போனது. அங்கே மூடிக் கொடுத்திருப்பார்கள். முடித்த காரைக் கொடுக்க முன்னர் நானே பின்சீற்றில் ஏறி, இடம், நடு, வலம் என்று மாறி மாறி இருந்து மூன்று பெல்ற்றையும் கொழுவிப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் சிரிப்பார்கள். நீங்களும் செய்யுங்கள். பின்சீற்றில் ஏறுகிற பிள்ளை பெல்ற் எங்கே என்று உங்களிடம் கேட்க வேண்டி வரக்கூடாது.