ஒரு சுற்றுக்கு ஒரு துள்ளல்

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அப்போது நான் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தேன். எது பழுதானாலும் நானே சரிசெய்துவிடுவேன் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை முதலில் பரப்பியவனும் நான்தான்.

என் தங்கையை நாலு தெரு தள்ளித்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை, பேண்டேஜ் துணி நெய்யும் பவர்லூமில் வேலை பார்த்தார். தறியில் இழை அறுந்தால் அதைப் பிடித்து முடிச்சுப் போடுவதில் அவருக்கு இருந்த கைவேகம் வேறு யாருக்கும் வராது. ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகத் தறி போட்டிருந்த ஒருவர், அவரை மேஸ்திரியாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி, அன்று மதியம் இரண்டு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். இந்த வேலை அமைந்தால் அந்தக் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அவர் சைக்கிளின் முன் டயர் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றவரை நான்தான் விடவில்லை. தினமும் போய்வரச் சைக்கிள் வேண்டுமே, இன்றைக்கே புது டயர் மாட்டித் தருகிறேன் என்று வீறாப்பாகக் கடைக்குக் கிளம்பினேன்.

சைக்கிள்கடைக்காரர் டயரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது ரொம்ப டைட்டா இருக்கும். வண்டிய இங்க கொண்டாங்க, நான் மாட்டித் தாரேன்" என்றார்.

"நானே மாட்டிக்கிடுவேன்" என்றேன்.

"அப்ப அரை மணி நேரம் வெயில்ல போட்டு எடுங்க, இளகிரும். அவசரப்பட்டு நெம்பிராதீங்க."

ஆளுயர மெஷினைப் பிரித்து மாட்டுகிற எனக்கு இவர் சைக்கிள் டயருக்குப் பாடம் நடத்துகிறாரே என்று எரிச்சலாக வந்தது.

டயரை வெயிலில் போட்டேன். ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காமல் எடுத்துவிட்டேன். ஒரு பக்கத்து விளிம்பு எளிதாக ரிம்முக்குள் போனது. டியூபைத் திணித்து அடுத்த பக்கத்தை ஏற்றும்போதுதான் வம்பு. முக்கால் வட்டம் வந்தது, கடைசி ஒரு சாண் வரவே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் சிவந்து தோல் கிளம்பியதுதான் மிச்சம். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், நேரமாகுது. கடையிலயே குடுத்திருவமா?"

"அங்க கொண்டு போனா அவன் நம்மளப் பாத்துச் சிரிப்பான் மாப்ள. செத்த நேரம் பொறுங்க."

ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். டயர் ஏறிவிட்டது. அந்தக் கடைசி ஒரு சாண், காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடம். அங்கே டயர் ஏறியதும் வால்வை உள்ளே ஓர் அழுத்து அழுத்தி டியூபை விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததல்ல. ஜெயித்துவிட்ட குஷியில் மறந்துவிட்டேன்.

காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, வால்வு வரும் இடத்தில், டயர் லேசாகத் துள்ளியது.

"என்ன மச்சான், துள்ளுது?" என்றார் மாப்பிள்ளை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் காற்றை இறக்கி, அந்த ஒரு சாணைக் கழற்றி, மறுபடியும் அவர் கண்முன்னால் மல்லுக்கட்ட வேண்டும். "புது டயர் அப்படித்தான் மாப்ள, ஓட ஓட உக்காந்துரும்" என்றேன். அவர் என்னை நம்பிக் கிளம்பினார்.

நாலு மணிக்கு, மாப்பிள்ளை வழியில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. தங்கையைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலிலிருந்தே பார்த்தேன், முகமெல்லாம் சிராய்ப்போடு படுத்திருந்தார். வலது கையில் முழங்கை முதல் விரல்வரை கட்டு. மணிக்கட்டு எலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். என்னை வாசலில் நிறுத்திவிட்டு முதலில் தங்கையைத்தான் உள்ளே விட்டார்கள். வெளியே வந்தவள், "லாரிக்காரன் ஒரசிட்டுப் போயிட்டானாம்ணே" என்று அழுதாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை சைக்கிளை எடுக்கப் போனேன். விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மாந்தோப்புக் காவல்காரர் குடிசையில் அது கிடந்தது. வால்வுப் பக்கம் டயர் ரிம்மை விட்டுக் கழன்றிருந்தது. கிழிந்த டியூப் வெளியே பிதுங்கி, சக்கரத்தைச் சுற்றவிடாமல் இறுக்கியிருந்தது.

"பட்டாசு வெடிச்சாப்ல சத்தம் கேட்டுச்சுய்யா. ஓடியாந்து பாத்தா அவிய தலைகுப்புறக் கெடக்காக" என்றார் காவல்காரர்.

"லாரி?"

"லாரியா? நான் ஒண்ணும் பாக்கலயே."

சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பினேன். வழியிலேயே அந்த டியூபைப் பிடுங்கி, யார் கண்ணிலும் படாமல் முள்ளுக்காட்டுக்குள் வீசினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

கட்டுப் பிரித்தபோது கை கோணலாகச் சேர்ந்திருந்தது. மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வேலை வேறொருவருக்குப் போனது. பழைய தறியிலும் இழைக்கு முடிச்சுப் போட முடியவில்லை. அவர் ஓட்டிய தறிகளுக்கே அவரை வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். தங்கை கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தீப்பெட்டி ஒட்டினாள்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் சிவன் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? அந்த மரியாதையை ஏற்றுக்கொள்ள எனக்கு மனசு கூசியது. மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டேன்.

"மாப்ள, அன்னைக்கு லாரி ஒண்ணும் வரல. என்னாலதான்..."

"தெரியும் மச்சான்" என்றார். "கீழ கெடந்தப்பவே டியூபப் பாத்துட்டேன்."

"பொறவு ஏன் லாரின்னு சொன்னீங்க?"

"நெசத்தச் சொன்னா உங்க தங்கச்சி உங்க வாசப்படிய மிதிக்க மாட்டா. அவளுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா? பிள்ளைக்கும் மாமன் மடி வேணும்ல." மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்காகச் சொல்லல. இந்தக் கையப் பாக்கும்போதெல்லாம் உங்க மேல எனக்கு ஆத்திரம்தான் வருது. போங்க, காது குத்த ஆசாரி காத்திருக்காக. பிள்ளைய வாங்கி மடியில வைங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். பிள்ளை வீறிட்டு அழுதபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. மாமனுக்கு எம்புட்டுப் பாசம் பாருங்க என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள்.

உறவுக்காரர்கள் கூடினால் என் தங்கை இன்றும் அந்தக் கதையைச் சொல்வாள். "அண்ணன் அன்னைக்குப் புது டயர் மாட்டிக் குடுத்ததாலதான் இவிய உசுரோட வந்தாக. பழைய டயரா இருந்தா சறுக்கி லாரிக்கு அடியிலயே போயிருப்பாக!" மாப்பிள்ளை தலையைக் குனிந்து, இடது கையால் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் சிரித்துவிடுவாரே என்று பயந்த நான் ஒரே ஒரு பொய் சொன்னேன். அதற்காக மாப்பிள்ளை ஆயுள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார், நல்ல பெயர் மட்டும் இன்னும் எனக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது.