எரியாத கண்

அக்டோபர் மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. வெயில் பெயருக்குக்கூட இல்லை. அப்படியிருந்தும், நெசவாலையின் துணிப் பரிசோதனைக் கூடத்தில் மூன்றாம் மேசையருகே நின்ற பெண்மணிக்கு வெளிச்சம் கூசிற்று. இடக்கண்ணில் மணல் விழுந்தாற்போல ஓர் உறுத்தல். கையின் பின்புறத்தால் ஒருமுறை தேய்த்துக்கொண்டார். துணி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மேசையின் மேற்பரப்பு பால்நிறக் கண்ணாடி. அடியில் விளக்கு எரியும். மேலே துணி ஓடும்போது அறுந்த இழை, முடிச்சு, எண்ணெய்க்கறை எதுவாயினும் கண்டுபிடித்து, அதற்கு நேராக ஓரத்தில் ஒரு சிவப்பு வில்லையை ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் செய்துவந்த வேலை இது. ஆலையில் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்றே அழைத்தார்கள். பெயர் வைத்தவர் மேற்பார்வையாளர். "இந்தம்மாகிட்ட யாரும் கல்யாண ஃபோட்டோவக் காட்டிடாதீங்கப்பா. மாப்பிள்ளை சட்டையில இழை போயிருக்குன்னு சிவப்பு ஒட்டிருவாங்க" என்பார். அம்மையார் சிரிக்க மாட்டார். மறுநாள் மேற்பார்வையாளரின் சட்டைக் காலரில் ஒரு சிவப்பு வில்லை இருக்கும்.

முந்தின வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்து, உதட்டோரத்தில் நீர்க்கொப்புளங்கள் எழும்பி அடங்கியிருந்தன. காய்ச்சல் வந்தால் உதட்டில் கொப்புளம் வருவது சிறு வயது முதல் அவருக்கு வழக்கம். அதனை ஒரு நோய் என்று அவர் எண்ணியதே இல்லை.

மாலையில் நாத்தனார் வந்தாள். அடுத்த தெருவில்தான் வீடு. கண்ணைப் பார்த்ததும் கைப்பையைத் துழாவினாள்.

"அண்ணி, எனக்குக் கண் ஆபரேஷன் பண்ணப்போ குடுத்த சொட்டு மருந்து பாதி அப்படியே கிடக்கு. ரெண்டு சொட்டு விடுங்க. நாளைக்கே பளிச்சுனு ஆயிடும்."

அவள் சொன்னது பலித்தது. மூன்றே நாளில் சிவப்பு வடிந்தது. ஆகவே அவர் தொடர்ந்து விட்டார். பத்தாம் நாள், மேசையில் ஓடிய துணி பனிக்குள் ஓடுவதுபோல் தெரிந்தது. வலக்கண்ணை மூடிப் பார்த்தபோது துணியே தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது.

கண் மருத்துவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். பேச்சில் அவசரம் இராது. கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கைக் காட்டி, நெடுநேரம் பார்த்தார்.

"உதட்டுல கொப்புளம் வர்றதுண்டா?"

"காய்ச்சல் வந்தா வரும், டாக்டர். எல்லாருக்கும் வர்றதுதானே."

"நிறைய பேருக்கு வர்றதுதான். அதே கிருமிதான் இது, ஹெர்பிஸ்னு பேரு. சின்ன வயசுல ஒரு தடவ குடிவந்துச்சுன்னா அப்புறம் காலி பண்ணவே பண்ணாது. நரம்பு முடிச்சுக்குள்ள படுத்துத் தூங்கும். உடம்பு அசந்தா எழுந்து வரும். இத்தன நாள் உதட்டுக்கு வந்துச்சு, இந்தத் தடவ கண்ணுக்கு வந்திருக்கு."

"என் நாத்தனாருக்குப் போன வருஷம் இடுப்புல அக்கி வந்துச்சு. அவகிட்டருந்து ஒட்டியிருக்குமோ?"

"அது இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். சின்னம்மை போடுற கிருமி, அது வேற. அவங்ககிட்டருந்து உங்களுக்கு வந்தது சொட்டு மருந்து மட்டும்தான்." அவர் கொண்டுவந்திருந்த சிறு புட்டியை மருத்துவர் குப்பைக் கூடையில் போட்டார். "இது சிவப்ப அடக்கும். கிருமிக்கு மட்டும் விருந்து வைக்கும். மரக்கிளை மாதிரி மெல்லிசா இருந்திருக்க வேண்டிய புண்ணு, இப்ப கருவிழியில பாதிக்குப் பரவியிருக்கு."

நாளொன்றுக்கு ஐந்து முறை களிம்பு. பின்னர் இரண்டு வேளை மாத்திரை. புண் ஆறியது, மங்கலாக ஒரு தழும்பு நின்றது. ஆலையில் அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். பெட்டிமேல் அட்டை ஒட்டும் வேலை. கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். மூன்றாம் மேசையில் வேறொரு பெண் நின்றாள்.

"ஜனவரி முடியற வரைக்கும் மேசைய உங்க பேர்ல வச்சிருக்கேன்," என்றார் மேற்பார்வையாளர். "அதுக்குள்ள கண்ணு சரியாயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. இல்லாட்டி அந்தப் பொண்ணுக்கே நிரந்தரமாப் போயிடும்மா. என் கையில இல்ல."

டிசம்பரில் ஒருநாள் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மின்தூக்கி பழுதுபார்க்கும் அவருடைய கணவர், வேலை முடிந்து வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"என்னம்மா இது, ஒரு கண்ணு அழுது, இன்னொண்ணு வேடிக்கை பாக்குது?"

"பாதி அழுதாப் போதாதா உங்களுக்கு?" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். இடக்கண்ணில் உறுத்தல் இல்லை, கூச்சம் இல்லை, வெங்காயத்துக்கும் அது அசையவில்லை. கண் தேறிவிட்டது, முன்னைவிடவும் உறுதியாகிவிட்டது என்று அவர் கருதினார். மாத்திரையை ஒருவேளையாகக் குறைத்தார். அந்த மாதம் மருத்துவரிடம் போகவேண்டிய நாளில் போகவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் தலைக்குக் குளிக்கையில் சோப்பு நுரை முகத்தில் வழிந்தது. வலக்கண் எரிந்தது. வலக்கண் மட்டும்தான் எரிந்தது. அவர் அதைக் கழுவி இறுக மூடிக்கொண்டு, விரல் நுனியில் நுரையை எடுத்து, திறந்திருந்த இடக்கண்ணில் வைத்தார். இருபதுவரை எண்ணினார். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினார். துவட்டிக்கொண்டு வெளியே வந்து, கணவருக்குத் தட்டு எடுத்து வைத்தார். சோறு ஆறிப்போய்விட்டதா என்று கணவர் கேட்டதற்குத் தான் என்ன பதில் சொன்னோம் என்பது பிற்பாடு அவருக்கு நினைவில் இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அச்சமும் எழவில்லை. இரண்டு வாரம் அட்டை ஒட்டினார்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி மருத்துவரின் முன் உட்கார்ந்தார். புதிய கண்ணாடியுடன் இடக்கண்ணால் எழுத்துப் பலகையைப் படித்தார். கடைசிக்கு முந்தின வரி வரையில் பிழையில்லை.

"பார்வை பரவால்லையே," என்ற மருத்துவர், ஆலையின் படிவத்தை இழுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். எழுதாமல் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் பாத்துடறேன். இந்தக் கிருமி சில பேருக்குக் கண்ணோட உணர்ச்சிய எடுத்துடும். உங்களுக்குப் பஞ்சுத்தூசி பறக்குற இடத்துல வேலை. உணர்ச்சி இல்லன்னா, தூசி விழுந்து புண்ணு ஓட்டையே ஆனாலும் உங்களுக்குத் தெரியாது. அப்புறம் மேசை என்ன, கண்ணே மிஞ்சாது. அப்படி இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

பஞ்சை நூலளவுக்குத் திரித்தார். முதலில் வலக்கண், நுனி பட்ட கணமே இமை அடித்துக்கொண்டது. பிறகு பக்கவாட்டிலிருந்து இடக்கண்ணுக்குக் கையைக் கொண்டுவந்தார். மூக்குக்கு அப்பால் மருத்துவரின் மணிக்கட்டு அசைவது வலக்கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. எப்போது இமைக்க வேண்டும் என்பதும் அதனால் தெரிந்தது. பேனா படிவத்தின்மீது திறந்தே கிடந்தது.

"இப்பத் தொடுறேன். தெரியுதா?"

"இல்ல, டாக்டர்."