இடது காலைப் பிடித்த கை

கதை கட்டுகிற ஆள் இல்லை நான். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிப்பவன். டாக்டர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அடிப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். எனக்கு நடந்தது இது.

எங்கள் ரிப்போர்ட்டில் ஒரு நல்ல சொல் உண்டு. 'அன்ரிமார்க்கபிள்'. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்று அர்த்தம். நோயாளிக்கு அதைவிட இனிப்பான சொல் கிடையாது. என் வாழ்க்கையையும் அந்த ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

தலைவலி விடவே இல்லை. "தலைக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்துடலாம்" என்றார் டாக்டர். அந்தச் சொற்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. லீஷன், மாஸ், மெட்டாஸ்டாசிஸ்... புண், கட்டி, பரவிய புற்று. அடுத்தவர் தலைக்கு அடிக்கும்போது கை நடுங்கியதில்லை. இப்போது என் தலைக்கு எந்தச் சொல்லோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் சென்டர் மெஷின் சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். கட்டடத்தில் நானும் டெக்னீஷியனும் மட்டும்தான். எம்ஆர்ஐ மெஷினே ஒரு பெரிய காந்தம்தான்; அதை ஓட்டுவதால் அவனையும் காந்தம் என்றுதான் கூப்பிடுவோம்.

"கூட யாரு வந்திருக்காங்கண்ணே?"

"யார் வருவா? நீதான் இருக்கியே."

சிரித்தான். பயப்படுகிற நோயாளி என்றால், சொந்தக்காரர் ஒருவர் உள்ளே வந்து காலைப் பிடித்துக்கொண்டு நிற்க விடுவோம். தலை குழாய்க்குள் போய்விடும். கால் மட்டும்தான் வெளியே இருக்கும். எனக்கு அதற்கும் ஆள் இல்லை. காந்தம் காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தான். முடியவில்லை என்றால் அதை அமுக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

டக்... டக்... டக்... டர்ர்ர்ர்...

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கை என் இடது காலைப் பிடித்தது.

மனசு கேட்காமல் காந்தம்தான் வந்து நிற்கிறான் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை ஒருவர் தொட்டு எத்தனை வருடம் ஆகிறது!

சத்தம் நின்றது. ஹெட்போனில் காந்தத்தின் குரல்.

"அண்ணே, காலை ஆட்டாதீங்க. படம் கலங்குது."

அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினான்.

கை... இன்னும் என் காலில் இருந்தது.

டக்... டக்... டக்...

சின்னக் கை. பெண்ணின் கை.

முதலில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக... ஆறியது.

சில்லிட்டுப் போனது.

பிடி மட்டும் தளரவில்லை.

பந்தை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

டேபிள் வெளியே வந்தது. அறையில் காந்தம் மட்டும் நின்றான்.

"யாருடா என் காலைப் பிடிச்சது?"

அவன் முகம் வெளுத்தது. "எந்தக் கால்ணே?"

"இடது."

என்னை வெளியே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தான்.

மறுநாள்தான் வாயைத் திறந்தான். நான் இந்த சென்டருக்கு வருவதற்கு முன்னால் நடந்ததாம்.

"ஒருத்தர் ரொம்ப பயந்தாருண்ணே. அவர் சம்சாரம், நான் காலைப் பிடிச்சுக்கறேன்னாங்க. இதயத்தைத் துடிக்க வைக்கிற பேஸ்மேக்கர் ஏதும் நெஞ்சுல வெச்சிருக்கீங்களான்னு கேட்டேன். இருந்தா உள்ள விட மாட்டோமில்ல, மெஷின் அதை நிறுத்திடும். இல்லவே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினான். "அசதியில சாஞ்சிருக்காங்கன்னு நினைச்சேன். ஸ்கேன் முடிஞ்சு போய்ப் பார்த்தா... உசுரு இல்ல. கை மட்டும் அவர் இடது காலை விடல. அவருக்கு ஒண்ணும் தெரியாது. 'அவ பிடிச்சுட்டே இருந்தா, அதான் பயமே இல்ல'ங்கறாரு."

என் ரிப்போர்ட்டை நானே அடித்தேன். சின்னதாக ஒரு புள்ளி. இப்போதைக்குப் பயமில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கவும் என்று டாக்டர் சொன்னார். அடித்தேன்.

தூரதேசத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை.

"தனியா போய்ப் படுக்காதடா. அடுத்த தடவை நான் வரட்டுமா?"

"வேண்டாம்க்கா" என்றேன். "ஆள் இருக்கு."