என் கை நடித்த படம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருடைய போன் கையில் கிடைத்தாலும் அதைத் திருப்பி முதுகைப் பார்ப்பேன். எந்த நாட்டில் செய்தது என்று சிலதில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சிலதில் சார்ஜரில்தான் இருக்கும். அதைப் படிப்பதால் எனக்கு ஒரு வேளைச் சோறு கூடக் கிடைக்கப் போவதில்லை. இருந்தாலும் பார்ப்பேன். பார்த்துவிட்டு மனதுக்குள் ஒரு திட்டு திட்டுவேன். யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு விடுதியில் சீசனுக்குச் சீசன் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தேன். போன சீசனில் இந்தப் பழக்கத்தால் மாட்டிக்கொண்டேன். படுக்கை விரிப்பை உருவும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு போன் விழுந்தது. எடுத்தேன், வழக்கம்போலத் திருப்பினேன். குளித்துவிட்டு வெளியே வந்த வெள்ளைக்கார அம்மா அப்படியே நின்றுவிட்டார். கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினார். கொடுத்துவிட்டேன். சாயங்காலம் விடுதிக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"கெஸ்டோட போன்ல உனக்கு இன்னாம்மா வேலை?"

"எங்க செஞ்சதுனு பாத்தேன் சார்."

"எங்க செஞ்சா உனக்கு இன்னா?"

ஒரே வார்த்தையில் பதில் இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இல்லை. அதனால் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதால் திருடி என்றே முடிவு கட்டியிருப்பார். சீசன் முடிந்ததும் எல்லோரையும் நிறுத்துவார், அடுத்த சீசனுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை.

நானும் போன் செய்தவள்தான். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் கிராமம். பன்னிரண்டாவது முடித்த கையோடு, சென்னை போகும் வழியில் புதிதாக வந்த கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊருக்கே வேன் வந்தது. வந்தவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, நானும் அம்மாவும் விதைக்கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த விரலுங்கதாம்மா எங்களுக்கு வேணும்" என்றார். அம்மாவுக்கு என்னை அனுப்ப இஷ்டமில்லை. அந்த வருஷம் மல்லாட்டை காய்க்காமல் போனதால் அப்பா சரி என்றுவிட்டார்.

கம்பெனியில் ஏசி. வாழ்க்கையில் முதல் ஏசி. எங்களுக்காகப் போட்டது என்று சில நாள் பூரித்துப் போயிருந்தோம். போன் கெட்டுப் போகாமலிருக்கப் போட்டது என்று பிறகு சொன்னார்கள்.

வேலை பழக்குவதற்கு முன் ஒரு ஹாலில் உட்கார வைத்து டிவியில் படம் காட்டினார்கள். படம் என்றால் இரண்டு கைகள் மட்டும். வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கைகள். தோலெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். மோதிரத்தைக் கழற்றிய இடத்தில் ஒரு வெளிறிய வளையம். போனின் திரையையும் உள்ளே இருக்கும் பலகையையும் இணைக்க ஒரு மெல்லிய பட்டை உண்டு. அதன் முனையைக் குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்தால் லேசாக ஓர் அசைவு இருக்கும். காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். பலமாக அழுத்தினால் உடையும். கம்மியாக அழுத்தினால் வாங்கினவன் கையில் நாலு மாதத்தில் திரை இருண்டுவிடும். அந்தக் கைகள் அதைச் சர்வசாதாரணமாகச் செய்துகொண்டே போகும்.

"கெழவி இன்னா ஸ்பீடா பண்றா பாருடி" என்று பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள். எல்லோரும் சிரித்தோம். அந்தக் கிழவி எந்த ஊர், இப்போது என்ன செய்கிறாள் என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதினெட்டு வயதில் யாருக்குத் தோன்றும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. முதுகு வலிக்கும், கண் எரியும், ஒன்றுக்குப் போக வேண்டுமானால் லைன் லீடரிடம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் பாங்கியில் என் பெயருக்கு ஒரு கணக்கு. ஊருக்குப் போனால் அப்பா என்னிடம் யோசனை கேட்பார். எங்கள் வீட்டில் அதுவரை எந்தப் பெண்ணிடமும் யாரும் யோசனை கேட்டதில்லை. அந்தக் கட்டைவிரல் அசைவு எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. எங்கள் லைனில் என்னைவிட வேகமாகப் பட்டை பொருத்த ஆள் இல்லை.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "உன் கைய வீடியோ எடுக்கணுமாம், பெரிய ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க" என்றார். கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். என் வலது கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், பச்சை குத்திய ஒரு தேள் இருக்கிறது. எட்டாவது படிக்கும்போது திருவிழாவில் வீட்டுக்குத் தெரியாமல் குத்திக்கொண்டது. வலி தாங்காமல் பாதியில் கையை இழுத்துக்கொண்டேன். அதனால் அதற்கு வால் கிடையாது. அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி தனி. கேமராக்காரர் அந்தத் தேளைப் பார்த்து முகம் சுளித்தார். பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தார்கள். அழுத்தும்போதெல்லாம் அது பிய்ந்து வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"மெதுவா பண்ணும்மா. இன்னும் மெதுவா. கத்துக்கிறவங்களுக்குப் புரியணும்."

யார் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பேட்ச் பெண்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு ஹாஸ்டலில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். அம்மாவுக்குப் போன் செய்து, "என் கைய படம் எடுத்தாங்கம்மா" என்றேன். "மூஞ்சிய எடுக்கலியா?" என்று கேட்டாள். அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி.

அதற்குப் பிறகு ஓவர்டைம் நின்றது. டீயோடு கொடுத்த பிஸ்கட் நின்றது. பக்கத்து லைனில் மெஷின்களை பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்தார்கள். கேட்டால், "சர்வீஸுக்குப் போவுது" என்றார்கள். சர்வீஸுக்குப் போன ஒன்றும் திரும்பி வரவில்லை. கடைசியில் எங்களையும் ஹாலில் உட்கார வைத்து, கம்பெனி வேறு நாட்டுக்குப் போகிறது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னார்கள். முதல் நாள் படம் பார்த்த அதே ஹால். புள்ளி விழுந்த அந்தக் கைகளின் ஞாபகம் அப்போதுதான் எனக்கு வந்தது. அவளையும் இப்படி ஒரு ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள். என் படம் எந்த ஊரில் ஓடப் போகிறது என்பதும் புரிந்தது. அன்றையிலிருந்துதான் எந்தப் போனைக் கண்டாலும் திருப்பிப் பார்க்கிறேன்.

ஏன் போனார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வரித் தகராறு என்றார் சூப்பர்வைசர். பட்டன் போன் காலம் முடிந்தது என்றான் என் அண்ணன். "கொடி புடிச்சீங்க இல்ல, அதான் போய்ட்டான்" என்றார் டீக்கடையில் இருந்த சித்தப்பா. நான் கொடியைத் தொட்டது கூட இல்லை. அங்கே சம்பளம் கம்மி, துறைமுகம் பக்கம், போனுக்கு வேண்டிய சாமான் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும் என்று டிவியில் ஒருவர் விளக்கினார். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். எனக்குப் புரிந்தது வேறு. கம்பெனி என்பது மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. நிலம் கொடு, தண்ணீர் கொடு, கரண்ட் கொடு, வரி கேட்காதே என்று சீர் பேசித்தான் வருவார்கள். சீர் தீர்ந்ததும் வேறு வீட்டில் பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வாழாவெட்டியாக வீட்டுக்கு வருவது நாங்கள்தான்.

வந்தோம். ஒருத்தி துணிக்கடையில் நாள் முழுக்க நின்றாள். ஒருத்தி செருப்புக் கம்பெனிக்குப் போனாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "ஹாஸ்டல்ல தங்கி நைட் ஷிப்ட்லாம் போன பொண்ணா?" என்று கேட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கம்பெனி கொடுத்த தொகை கடைசியில் என் கல்யாண நகையானது. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் ஆட்டோ நிரம்பும்.

இந்த நிலையில்தான் வேங்கிக்காலில் ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம் என்று வாட்ஸப்பில் வந்தது. போன் கம்பெனிகள் மறுபடி நம் பக்கம் வருகின்றனவாம். எங்கள் கம்பெனி போன அந்த நாட்டில் இப்போது சம்பளம் ஏறிவிட்டதாம். அதே பாட்டு, ஊர் மட்டும் மாறியிருக்கிறது. படித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு கூட ஆசையும் வந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அடுத்தவர் படுக்கையை உதறக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்து மாதா மாதம் சம்பளம் வாங்க வேண்டும்.

"போய்ட்டு வா. கேட்டுப் பாக்கிறதுல இன்னா வந்துச்சு? அனுபவம் இருக்குதுனு சொல்லு" என்று வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார்.

ஹால் முழுக்கச் சின்னப் பெண்கள். வேலை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிவி வைத்திருந்தார்கள். படம் என்றால் இரண்டு கைகள் மட்டும். மெல்லிய பட்டையை எடுத்து, குழியில் வைத்து, கட்டைவிரலால் மெதுவாக அழுத்தின. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வாலில்லாத ஒரு தேள்.

என் கைதான். பாத்திரமும் பினாயிலும் இன்னும் தின்னாத, பதினெட்டு வயசு கழிந்து கொஞ்ச காலமே ஆன என் கை.

"இந்தக்கா சூப்பரா பண்றாங்க இல்ல?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். நான் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த கம்பெனித் தம்பி நல்ல மரியாதையாகப் பேசினார். வந்ததும் உட்காரச் சொன்னார். ஆதார் அட்டையைப் பார்த்தார்.

"சாரிக்கா. வயசு வரம்பு தாண்டிட்டீங்க."

"அனுபவம் இருக்குதுங்க. இதே வேலைதான் பண்ணேன்."

"அனுபவம் தேவைப்படலக்கா. நாங்களே ட்ரெய்னிங் குடுத்துடுவோம். வீடியோ ஓடுது பாருங்க, அதைப் பாத்தே கத்துக்குவாங்க."

"அது என் கை சார்."

அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை, பாவம், நிஜமாகவே புரியாமல்தான். "இல்லீங்கக்கா. அது எங்க வெளிநாட்டு பிளான்ட்ல இருந்து வந்தது. அங்க இருக்கிறவங்க."

நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனேன். என் வலது கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு தேள், இரண்டுக்கும் வால் இல்லை. என்னுடையது மட்டும் தோலோடு சேர்ந்து சுருங்கியிருந்தது. முன்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கம்பெனித் தம்பி எழுந்து வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நிஜமாவே நீங்கதானா? சூப்பர்க்கா. எங்க ஆபீஸ் குரூப்ல போட்டா எல்லாரும் அசந்துடுவாங்க."

"அப்ப வேலை?"

"அது ரூல்ஸ்க்கா. என் கையில ஒண்ணும் இல்ல." ஏற்கெனவே போனை வெளியே எடுத்துவிட்டிருந்தார். "அப்படியே டிவி பக்கத்துல வைங்க. ஒரே ஒரு போட்டோ. கை மட்டும் போதும்."

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"வேலை குடுத்தா எடுத்துக்கோங்க" என்றேன்.

அவர் போனைப் பிடித்தபடியே நின்றார். அது எந்த நாட்டில் செய்தது என்று திருப்பிப் பார்க்கக் கூட எனக்குத் தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். டிவியில் என் கை மெதுவாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி, அழுத்திக் காட்டிக்கொண்டே இருந்தது.