ஒரு தடவைதான் கேட்டார்

எங்கள் பிரிவை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த வாரத்தில்தான் மேலதிகாரி என்னை மதிய உணவுக்கு அழைத்தார். பிரெஞ்சுக்காரர். என் வேலை அனுமதிச் சீட்டை ஒட்டித்தான் கணவரும் மகளும் சிங்கப்பூரில் இருந்தார்கள். வேலை போனால் மூன்று பேரும் ஊருக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான். "வேற டீமுக்குப் போறியான்னு கண்டிப்பா கேப்பாரு பாரு," என்றார் கணவர். மகளைக் கூட்டிக்கொண்டு தேக்கா பக்கம் கோயிலுக்குப் போனார்.

அவர் கூட்டிப்போன பிரெஞ்சு உணவகம் பெரிய இடம்தான். விலையைப் பார்த்தாலே பசி போய்விடும். ஆனால் பந்தா கிடையாது. மேசைவிரிப்பு இல்லை, பரிமாறுகிறவர்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசினார்கள். எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட, நான் மட்டும் மேலதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்துக்கால் வந்தது. நல்ல ருசி என்றார். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

தன் தட்டிலிருந்த வறுத்த உருளைக்கிழங்கை நீட்டி, வேண்டுமா என்றார். "ஐயோ, வேண்டாம்," என்றேன். நம் வீடுகளில் முதல் தடவையே வேண்டும் என்று யார் சொல்வார்கள்? அவர்கள் வற்புறுத்தவேண்டும், நாம் மறுக்கவேண்டும், அப்புறம்தான் இலையில் விழும். அவர் பாட்டுக்குத் தட்டை இழுத்துக்கொண்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கக்கூடாதா!

காப்பி வந்தது. "ஜூரோங் அலுவலகத்தில் ஓர் இடம் இருக்கிறது. இன்றைக்கே பெயர் கொடுக்கவேண்டும். உங்களுக்கு வேண்டுமா?" என்றார்.

கடவுளே, அதற்காகத்தானே வந்தேன்! ஆனால் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. "பரவாயில்லை, என்னால் உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கேட்பார் என்று சிரித்தபடி காத்திருந்தேன்.

கேட்கவில்லை. "புரிகிறது," என்று போனை எடுத்து ஏதோ தட்டினார். காப்பியைக் குடித்தார். போன் அதிர்ந்தது; பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றார்.

"சார், எனக்கு வேணும்! எனக்குத்தான் வேணும்!"

பதற்றத்தில் தமிழில் கத்திவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் கெஞ்சினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். மானமாவது ஒன்றாவது! முகம் சிவந்துபோய் அவர் போனைத் திருப்பிக் காட்டினார். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குக் கேள்வி போயிருந்தது. அவளிடமிருந்து ஒரே வார்த்தை வந்திருந்தது: யெஸ்.

"உங்களிடம்தானே முதலில் கேட்டேன்," என்றார், உண்மையாகவே ஒன்றும் புரியாமல்.

வாசலுக்கு வருவதற்குள் கணவர் அழைத்தார்.

"என்ன, கேட்டாரா இல்லையா?"

"கேட்டாரு," என்றேன். அடுத்த வார்த்தை வருவதற்குள், அவர் மகளிடம் கத்துவது கேட்டது.

"பாப்பா, நாம எங்கயும் போகல! அம்மாவுக்கு வேலை கெடச்சிருச்சு!"