இரண்டு கடிதங்களும் திரும்பி வந்த கதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பேனையைப் பிடித்தால் சொல் வராது, சொல் வருகிற நேரம் பேனையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. முந்தி நடந்ததைப் பிந்தியும் பிந்தி நடந்ததை முந்தியும் எழுதியிருப்பேன். மாதர் சங்கத்துப் பிள்ளைகள் நூலகத்துக்கு ஒரு புத்தகம் சேர்க்கிறார்களாம், வயதானவர்கள் ஆளுக்கு ஒரு கதை தர வேண்டும் என்றார்கள். வாயால் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கை, ஒரு சின்னத் தெரு, வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. வீடும் கிணறுமாகப் பன்னிரண்டு வளவுகள். மாரியில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். சித்திரை பிறந்தால் உவர்த்துவிடும், தேநீரை வாயில் வைக்க ஏலாது. அந்த மாதங்களில் சந்தியில் இருக்கிற கறுப்புத் தாங்கிக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். குடம், கேன், பழைய பெயின்ற் வாளி என்று எல்லாம் வரிசையில் நிற்கும். பெரிய வீதியோரமாகக் குழாய் போகிறது. ஒழுங்கைக்குள் அது திரும்பவில்லை.

எனக்கு இடுப்பு விட்டுப்போய்க் குடம் தூக்க முடியாது. மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மருமகன் கட்டட மேசன், விடிய வெளிக்கிட்டுப் போய்விடுவார். பேத்திமார் இருவரும்தான் பள்ளிக்கூடச் சட்டையோடு கேன் தூக்குவார்கள். பாடத்துக்குப் பிந்திப் போய் வாசலில் நின்றுவிட்டு வருவார்கள். அடுத்த கோடைக்கு முன் அந்தக் குழாய் ஒழுங்கைக்குள் வந்துவிட வேண்டும், அவர்கள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். போன வருடம் எனக்கு வேறு ஆசை என்று ஒன்றும் இருக்கவில்லை.

குழாய் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. யார் கேட்டு வந்த குழாய் என்பதில்தான் பிரச்சினை.

என் அண்ணன் ஒழுங்கையின் எதிர்ப்பக்கம், தன் மனைவியான என் மச்சாளின் வளவில் இருக்கிறார். அவர் தொடக்கத்திலிருந்தே தமிழ்க் கட்சி. மருமகன் அரசாங்கப் பக்கம். முன்பு இருவரும் ஒரே பாயில் இருந்து கோயில் சோறு சாப்பிட்டவர்கள். போன தேர்தல் நேரம் சந்தியில் வைத்து அண்ணன், "இவன் எங்கள வித்துப்போட்டான்" என்று சொன்னார். மருமகன், "முப்பது வருசமாப் பேசிப் பேசிக் கிடக்கிற ஆக்கள்" என்று திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாசலை இவர் மிதிக்கவில்லை, இவர் வாசலை அவர் மிதிக்கவில்லை. ஒழுங்கையும் ஆறு வளவு அங்கால், ஆறு வளவு இஞ்சால் என்று பிரிந்துவிட்டது. குழாய் கேட்டு இரண்டு பேரும் தனித்தனியே கடிதம் எழுதி, தங்கள் பக்கத்து ஆண்களிடம் கையெழுத்து வாங்கி, தண்ணீர்ச் சபை அலுவலகத்தில் கொடுத்தார்கள்.

இரண்டு கடிதங்களும் ஒரே கிழமையில் திரும்பி வந்தன. ஒரு ஒழுங்கைக்கு ஒரு கடிதம்தான் எடுப்போம், வளவுக்குச் சொந்தக்காரரின் கையெழுத்தும் வேண்டும் என்று இரண்டிலும் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே பன்னிரண்டு ஆண்களும் தங்களுக்குச் சொந்தமில்லாத வளவுகளுக்குக் குழாய் கேட்டிருக்கிறார்கள். எழுதும்போது ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

பவுசர் வந்த நாள் வரிசையில் பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ட வளவ அவர்ட எண்டு எழுதிக் குடுத்திரிக்கார் கா. கேட்டா, இருபது வருசமா இதுக்குள்ளதானே இரிக்கன் எண்டுறார்" என்றாள் ஒருத்தி.

"கோழியும்தான் இரிக்கி. அதிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கு" என்றாள் பின்னால் நின்றவள்.

சிரித்து முடிந்ததும் நான் மச்சாளிடம் மெல்லக் கேட்டேன், நாங்கள் பெண்கள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் என்ன என்று. மச்சாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னா: "எனக்குக் கையெழுத்து வைக்க ஒரு நிமிசம். மறுகா உங்கட அண்ணனோட ஒரு மாசம் இரிக்கோணுமே."

அண்ணன் சம்மதித்தால் அந்தப் பக்கம் ஆறும் வரும், மருமகன் சம்மதித்தால் இந்தப் பக்கம் ஆறும் வரும் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆனால் மருமகனிடம் நான் எப்படிக் கதைப்பது? எங்கள் வழக்கத்தில் மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. மகள் இருந்தவரை அவள் மூலம் எல்லாம் நடந்தது. அவள் போன பிறகு நான் சுவரைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பேன். அவர் முற்றத்தைப் பார்த்து, "ஓம், வாறன்" என்பார். நான்கு வருடமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மகள் போன் எடுப்பாள். மருமகன் போனை அரைச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு விறாந்தையில் இருப்பார். நான் சமைக்கிற குசினி வாசற்படியில் இருப்பேன். அன்றைக்கு நான் சொன்னேன்: "அவரிட்டக் கேளு புள்ள. என்னத்துக்கு அவருக்கு அந்தக் கட்சி பிடிச்சிரிக்கி எண்டு."

மகள் குவைத்திலிருந்து, பத்தடி தூரத்தில் இருக்கிற மனிதரிடம் கேட்டாள்: "அம்மா கேக்கிறா, என்னத்துக்கு அந்தக் கட்சி எண்டு."

"இதென்ன வேலைக்கு எடுக்கிற பரீட்சையா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே எண்டு சொல்லு."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானாம் அம்மா."

"எனக்குத் தெரியாது எண்டு சொல்லு. பிழை பிடிக்கக் கேக்கல்ல, அறியத்தான் கேக்கன் எண்டு சொல்லு."

அதை அவள் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. மருமகன் போனைத் தட்டிப் பார்த்தார், திரும்ப வரவில்லை. நான் எழும்பி உள்ளே போயிருக்க வேண்டும். இடுப்பு சட்டென்று எழும்ப விடவில்லை. அவர் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு, "மாமி" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப எனக்கு ஆறு வயசு மாமி. சண்டைக்கு ஓடி அகதிக் கேம்ப்ல இருந்தம். அம்மாக்குச் சுகமில்ல, தண்ணி லைன்ல நான்தான் நிப்பன். இன்னும் கொஞ்சநாள் பொறு மகன், எல்லாம் சரிவரும் எண்டு பெரிய ஆக்கள் சொல்லுவாங்க. இப்ப என்ட புள்ளையள் லைன்ல நிக்குது. தாறவன்ட கொடிய நான் பாக்கிறல்ல. உங்கட அண்ணன் பாத்துக்கிட்டு இரிக்கட்டும், அவர் தண்ணி தூக்கிறல்லதானே."

"சோறு ஆறுது" என்று சுவரிடம் சொன்னேன்.

அடுத்த நாள் காலை அண்ணனிடம் போனேன். அண்ணனுக்கு முன்னும் நான் அதிகம் வாய் திறந்தவள் இல்லை. சண்டை வளரக் கூடாது என்று கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்: "மருமகனுக்கு உங்களில நல்ல மரியாதை. நீங்கதான் பெரிய ஆள், நீங்க பாத்து ஒரு முடிவு சொல்லோணுமாம்."

அண்ணன் வெற்றிலையை மடித்தபடி சிரித்தார். "அவன் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான். நீ சீனி போட்டுக்கொண்டு வாறாய் தங்கச்சி. அவன் சொன்ன சொல்லைச் சொல்லு."

வேறு வழி இல்லாமல் முழுவதையும் சொன்னேன். கேம்ப், ஆறு வயது, கொடி, அண்ணன் தண்ணீர் தூக்குவதில்லை என்றது, ஒன்றையும் விடவில்லை. அண்ணன் கோபப்படவில்லை. "கேம்ப்ல இருந்தவனா? எனக்குத் தெரியாதே" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "நீங்க என்னத்துக்கு அண்ணன் அந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

"எழுவது வயசு தாண்டினாப் பிறகு கேக்கிறாய்."

"இப்பதானே கேக்கத் தோணுது."

அவர் வெற்றிலைத் தட்டை அங்கால் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "சண்டை நேரம் என்ட மூத்த மகன ஆமிக்காரர் கொண்டு போனாங்க, திரும்பி வரல்ல. எங்கெங்கயோ போய்க் கேட்டன், ஒரு இடத்திலயும் அவன்ட பேரை முழுசாச் சொல்லி முடிக்க விடல்ல. ஒரு நாள் இவங்கட கூட்டத்தில ஒருத்தன் எழும்பி, அவன்ட பேரை மைக்கில வாசிச்சான். பேரை மட்டும்தான். அதுக்காகத்தான் போறன். தண்ணி தருவாங்க, றோட்டுத் தருவாங்க எண்டு நான் போகல்ல. உன்ட மருமகன்ட கடிதத்தில நாங்க கையெழுத்து வைச்சா நாளைக்குப் படம் எடுத்துப் போடுவாங்க, இந்த ஒழுங்கையே இப்ப எங்கட பக்கம் எண்டு. என்ட புள்ளட பேர் அதோட முடிஞ்சிரும்."

அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்தவள். கொண்டு போன கதை எனக்குத் தெரியும், பெயரின் கதை தெரியாது. அண்ணனுக்கு நோகும் என்று நாங்கள் எல்லோரும் அவன் பெயரைச் சொல்வதையே நிறுத்தியிருந்தோம். அவர் அந்தப் பெயரைக் கேட்கத்தான் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது அந்தச் சின்ன ஒழுங்கை எனக்கு வெகுதூரமாக இருந்தது.

அன்று பின்னேரம் சுவரைப் பார்த்து, சீனி போடாமல், மருமகனிடம் சொன்னேன். அவர், "பேரை வாசிச்சதுக்கா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "நான் நினைச்சன், அவருக்கு ஏதோ பதவி குடுக்கிறதாச் சொல்லியிரிக்காங்க எண்டு" என்றார். அன்றைக்குச் சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒழுங்கையைக் கடந்து போனார். கறிவேப்பிலை பிடுங்கப் போகிற சாட்டில் நானும் பின்னால் போனேன். மச்சாள் என்னைக் கண்டு, கறிவேப்பிலை மரம் அந்தப் பக்கம் என்று கையால் காட்டினா. நான் நகரவில்லை.

மாமி என்றால் அப்பாவின் தங்கை முறை, அதனால் என் அண்ணன் மருமகனுக்குப் பெரியப்பா. "பெரியப்பா இரிக்கீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"இல்லாம எங்க போக? கொடி கொண்டு வந்தியா?"

"கொடி இல்ல. ஒரு கேள்விதான். மூத்தவரைப் பத்தி எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. அவர் எப்பிடிப்பட்ட ஆள்?"

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். "கள்ளன்" என்றார். "வயல் வட்டைக்கு எனக்குச் சோறு கொண்டு வருவான். பாதி வழியில பொரிச்ச மீனைத் திண்டுட்டு, நாய் பறிச்சிட்டு எண்டுவான். ஒரு நாயும் மீனை மட்டும் எடுத்துப்போட்டுப் பார்சலைத் திருப்பிக் கட்டி வைக்காது."

மருமகன் சிரித்தார். மச்சாள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா.

பிறகு அண்ணன் கேட்டார்: "நீ இருந்த கேம்ப்ல தண்ணி எப்பிடி?"

"குளோரின் மணம். இப்பவும் அந்த மணம் வந்தா எனக்கு வயித்தைப் பிரட்டும்."

"குழாய்லயும் அந்த மணம்தானே வரும். பிறகு என்னத்துக்குடா கேக்கிறாய்?"

"மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிப்பன் பெரியப்பா."

இப்படி நல்லபடியாகவே போனது என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் பழையபடி குரல் ஏறியது. "உங்கட ஆக்கள் பாராளுமன்றத்துக்குப் போய் என்னத்தைக் கொண்டு வந்தாங்க?" என்றார் மருமகன். "என்ட புள்ள எங்க எண்டு உன்ட ஆக்கள் சொல்லிட்டாங்களா?" என்றார் அண்ணன். மருமகன் எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல பெரியப்பா. அதுக்கு என்னட்டப் பதில் இல்ல" என்றார். கட்சிக் கதையில் ஒரு ஆள் அப்படிச் சொன்னதை எங்கள் ஒழுங்கையில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணனும், "தண்ணிக்கும் எங்கட ஆக்களிட்டப் பதில் இல்லத்தான்" என்றார்.

கடைசியில் ஒரே கடிதம் என்று ஆனது. கட்சிப் பெயர் இல்லை, படம் எடுப்பதில்லை, ஆண்கள் ஒருவரும் கொண்டு போவதில்லை. பன்னிரண்டு பெண்கள் கையெழுத்து வைத்தோம். என் வளவை மகளுக்கு எழுதியபோது, நான் இருக்கும்வரை எனக்கும் உரிமை என்று காணி உறுதிப் பத்திரத்தில் போட்டிருந்தது. அதனால் நானும் வைத்தேன். ஐந்தாம் வகுப்பில் பழகிய எழுத்து, கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது. மச்சாளும் நானும் பஸ்ஸில் போய்க் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை.

இதை எழுதும்வரை குழாய் வரவில்லை. அடுத்த கோடையும் வந்துவிட்டது. பவுசர்தான் வருகிறது, பேத்திமார்தான் தூக்குகிறார்கள். எனக்குக் களைத்துவிட்டது. அந்தத் தண்ணீரை நான் குடிப்பேனோ தெரியாது. அண்ணனும் மருமகனும் வேறு வேறு பக்கம்தான் வாக்குப் போடுவார்கள், இப்போதும் சத்தம் போட்டுத்தான் கதைக்கிறார்கள். ஆனால் ஒரே முற்றத்தில் இருந்து கதைக்கிறார்கள். வேலையில்லாத நாளில் பவுசர் வந்தால் மருமகன் சைக்கிளில் அண்ணன் வீட்டுக் கேனையும் கொண்டுபோய் இறக்குவார். "இதைப் படம் எடுத்துப் போட்டிராத" என்பார் அண்ணன். மூத்தவனின் பெயரை இப்போது நாங்கள் வீட்டில் சொல்கிறோம். இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நானும் மருமகனும் பழையபடி சுவரைப் பார்த்துத்தான் கதைக்கிறோம்.

இதைப் புத்தகத்தில் சேர்க்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். கடிதம் கொடுத்தது ஆவணியா புரட்டாதியா என்பதும், யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதும் எனக்கு நிச்சயமில்லை. யாராவது வந்து கேட்டுச் சரி பார்த்துப் போடுங்கள். அண்ணனிடமும் கேளுங்கள், மருமகனிடமும் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட வேண்டாம்.